கிறிஸ்துமஸ் ஊரில் கிறிஸ்துவை அறிமுகப்படுத்துவது எப்படி?

வாழ்த்துகள், தம்பி. உங்களுக்கு வயது 18. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, ஊர் உலகம் சுருக்கமாக மார்மன் சபை என்று சொல்வது, உங்களை இரண்டு வருட ஊழியத்துக்கு அனுப்பியிருக்கிறது. எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் வேலை உங்களுக்கு இல்லை. தலைமை சொன்ன ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2012 அக்டோபர் வரை இதற்கு 19 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் முடித்த கையோடு கிளம்பலாம். அனுபவம் போதாதே என்று கலங்காதீர்கள். நான் சொல்லித்தரப் போகும் முறைக்கு அனுபவம் ஓர் இடைஞ்சல்.

இந்திய வேலைக்கென்று 1993-ல் பெங்களூரில் ஒரு மிஷன் தொடங்கினார்கள். அங்கிருந்து டிசம்பர் முதல் வாரத்தில் உங்களைப் புதுச்சேரிக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிஷனரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஊர் இது. கப்புச்சின் சாமியார்கள் வந்தார்கள், இயேசு சபையார் வந்தார்கள், பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையார் வந்தார்கள். ஊரின் பெரிய கடைத்தெரு ஒன்றுக்கே மிஷன் வீதி என்றுதான் பெயர். அங்கே செருப்பு வாங்கப் போகிறவர்கள் பெயர்ப்பலகையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

பயிற்சியைத் தொடங்குவோம். இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும்.

1. இந்த ஊரில் இயேசுவை யாரும் கேள்விப்பட்டதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதில் உறுதியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள். மிஷன் வீதியில் சம்பா கோவில் முழுக்கக் கூட்டம் இருக்கும். மாதாதான் அந்தப் பேராலயத்தின் பாதுகாவலி. இப்போது நிற்கும் கட்டடம் 1791-ல் முடிந்தது. உங்கள் சபை நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது 1830-ல். யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் புன்னகை செய்யுங்கள்.

பூசை முடிந்து வாசலில் ஒரு பாட்டி வருவார். கழுத்தில் உத்தரியம், கையில் ஜெபமாலை, இடுக்கில் ரவையும் முந்திரியும் வாங்கிய மஞ்சள் பை. அவரைத்தான் பிடிக்க வேண்டும். "இயேசு கிறிஸ்துவைப் பற்றி எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். அவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். டை கட்டிய பிள்ளை, வியர்த்துக் கொட்டுகிறது, வழி தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ரயில்வே ஸ்டேஷனுக்குக் கை காட்டுவார். காட்டிய திசையில் போங்கள். அந்த வழியில் இருதய ஆண்டவர் பசிலிக்கா வரும். நல்ல கோத்திக் கட்டடம், 1907-ல் முடித்தது. அதன் வாசலிலும் நின்று இதே கேள்வியைக் கேளுங்கள்.

2. மொழி கற்க வேண்டாம்.

"வணக்கம்", "நன்றி" இரண்டும் போதும். அதையும் தப்பாகச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். சரியாகச் சொல்லப் பழகினால் கைதட்டல் நின்றுவிடும். ஆங்கிலத்தை மெதுவாகவும் சத்தமாகவும் பேசினால் தமிழாகிவிடும் என்ற நம்பிக்கையோடு பேசுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு தாத்தா சாய்வு நாற்காலியில் இருப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்பார்கள். மாதா மாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத குடும்பம். நீங்கள் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பீர்கள், அவர் பிரெஞ்சில் பதில் சொல்வார். வேட்டி கட்டிய மனிதர் உங்களைவிட அதிகமாக ஐரோப்பா பார்த்திருக்கிறார் என்பது தெரியவரும். உடனே துண்டுப் பிரசுரத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

3. துணையை வேலைக்காரராக்குங்கள்.

உங்கள் சபையில் மிஷனரி தனியாக நடமாடக் கூடாது. இருவராகவே எழ வேண்டும், இருவராகவே தெருவில் இறங்க வேண்டும், ஒரே அறையில் தூங்க வேண்டும். காலை 6.30-க்கு விழிப்பு, இரவு 10.30-க்கு விளக்கணைப்பு. உங்களுக்கு வாய்த்த துணை ஆந்திரப் பையனாகவோ கோயம்புத்தூர்ப் பையனாகவோ இருக்கலாம். ஊழியத்தில் இருவரும் சமம். அந்தச் சமத்துவத்தை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள்.

ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது அவர். வீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டார் போடச் சொல்வது அவர். நீங்கள் பேசிய பத்து நிமிடத்தை மூன்று வாக்கியத்தில் தமிழாக்குவதும் அவர். ஏன் குறைத்தாய் என்று கோபித்துக்கொள்ளுங்கள். அவர் குறைத்த இடத்தில்தான் உங்கள் மானம் காப்பாற்றப்பட்டது என்பதை விசாரிக்காதீர்கள். பெயர்ப்பட்டையில் எல்டர் என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதுவது உங்கள் வழக்கம். தமிழ்ப் பையனுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைப் போட்டுவிடுவார்கள். நாள் முழுக்க அவரை அவர் அப்பா பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருங்கள். திரும்பிப் பார்க்கத் தாமதமானால் சோம்பேறி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடிதத்தில் அவர் பெயர் வேண்டாம். "ஒரு உள்ளூர் சகோதரர்" என்றால் போதும்.

4. சாப்பாட்டு மேசையில் வேதம் பேசுங்கள்.

இதுதான் கிறிஸ்துமஸ் காலத்தின் உச்சக்கட்டம். உங்கள் சபையின் ஞான வார்த்தைப்படி காபி கிடையாது, டீ கிடையாது, மது கிடையாது, புகையிலை கிடையாது. நல்ல கட்டுப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால், உட்காருங்கள் என்று சொல்லும் முன்பே அடுப்பில் பால் ஏறிவிடும்.

ஆகவே ஒன்றும் சொல்லாதீர்கள். அந்த வீட்டு அக்கா டிகாக்ஷன் இறக்கட்டும், பால் காயட்டும், நல்ல டம்ளரைத் தேடி எடுக்கட்டும், சர்க்கரை உங்களுக்கு எவ்வளவு என்று யோசித்து ஒரு கரண்டி கூடுதலாகப் போடட்டும், நுரை வர இரண்டு ஆற்று ஆற்றட்டும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் முன் வைக்கும்வரை பொறுங்கள். பிறகு உள்ளங்கையைக் காட்டி "நோ, தேங்க் யூ" என்று சொல்லுங்கள். "டீ போடட்டுமா தம்பி?" என்பார். அதற்கும் இதே முறை, இதே நேரத்தில். மூன்றாவதாக ஹார்லிக்ஸ் வரும். அதைக் குடிக்கலாமா என்று துணையோடு ஐந்து நிமிடம் குசுகுசுவென்று ஆலோசனை நடத்துங்கள்.

அடுத்து தட்டு வரும். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு. நடுவில் விவிக்கம் கேக். இந்த ஊரின் கிறிஸ்துமஸ் கேக் அது. மைதாவுக்குப் பதில் ரவையை வறுத்துப் போட்டு, வெண்ணெயும் முட்டையும் தாராளமாக விட்டு, முந்திரி, திராட்சை, பழத்தோல் எல்லாவற்றையும் முன்கூட்டியே ரம்மில் ஊறவைத்துச் செய்கிறார்கள். ரம்மில். இரண்டு துண்டு சாப்பிட்டு, மூன்றாவதைக் கையில் எடுத்த பிறகு, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அக்கா பெருமையாகச் சொல்வார். முகம் வெளிறிப் போகட்டும். கையிலிருந்ததைத் தட்டின் ஓரத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். அடுப்பில் வெந்தபோதே சாராயம் ஆவியாகிவிட்டது என்று அந்த வீட்டுப் பையன், பிளஸ் டூ வேதியியல், விளக்குவான். விவாதத்துக்கு நல்ல தருணம். விடாதீர்கள்.

கிளம்பும்போது பொட்டலம் கட்டித் தருவார்கள். அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. கடலைப் பாருங்கள், இறங்காதீர்கள்.

மிஷனரிகள் நீந்தக் கூடாது என்பது விதி. மாலை ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலையையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் தாண்டி ஊரே நடக்கும். சுண்டல் விற்பவர், பலூன்காரர், பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வந்த இளைஞர் கூட்டம். மற்ற மாநிலத்தவர் எதற்காகப் புதுச்சேரிக்கு வருகிறார்களோ, அது எதையும் நீங்கள் தொட முடியாது. இந்தத் தியாகத்தை ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

6. வந்த எட்டே மாதத்தில் தீர்ப்பு வழங்குங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு மகத்தான முன்னோடி இருக்கிறார். உங்கள் சபைக்காரர் அல்ல, பரவாயில்லை. 1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய துர்னோன். சீனாவுக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார். உடம்பு சரியில்லாமல் பெரும்பாலும் படுக்கை. உள்நாட்டுக்குள் போகவில்லை, தமிழும் தெரியாது. இரண்டு இயேசு சபைச் சாமியார்களைக் கூப்பிட்டு விசாரித்தார். 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை தயாரானது. ஜூலை 8-ல் வெளியிட்டார். அதே வாரத்தில் கப்பல் ஏறிவிட்டார்.

அந்த ஆணையில் என்னென்ன? ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு எச்சில் தொட்டு வைக்கும் ரோமைச் சடங்கை விடக் கூடாது. தமிழர்களுக்கு எச்சில் என்றால் ஆகாது என்ற சாக்கு செல்லாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, மஞ்சள் தேய்த்த 108 இழைக் கயிறு கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடக் கூடாது. ஆணையில் நல்லதும் இருந்தது. தாழ்த்தப்பட்டவர் வீட்டில் நோயாளி கிடந்தால் சாமியார் அந்த வீட்டுக்கே போக வேண்டும் என்றது. அதைத்தான் நிறைவேற்றச் சிரமப்பட்டார்கள்.

சண்டை ரோமுக்குப் போனது, வளர்ந்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் பெரிய ஆணை போட்டு உறுதி செய்தார். இந்தியாவுக்கு வரும் மிஷனரிகள் இந்தத் தடைகளைக் காப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை ரோம் கைவிட்டது 1940-ல். துர்னோன் படுத்துக்கொண்டே எட்டு மாதத்தில் போட்ட முடிச்சை அவிழ்க்க 236 ஆண்டுகள். இப்படி ஒரு விளைவை நீங்களும் உண்டாக்கலாம், தம்பி. அத்தனை நாள் தங்க வேண்டுமென்பதில்லை. இப்போதெல்லாம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வருகிறதே, அதற்குள் முடித்துவிடலாம். இந்துக்கள் ஏன் இப்படி, தமிழர்கள் ஏன் அப்படி என்று ஒரு பக்கம் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள்.

7. உங்களைப் பற்றிய வதந்தி உங்களுக்கு முன்னால் வந்து சேரட்டும்.

சொந்தச் சபையின் சரித்திரமும் தெரிய வேண்டுமல்லவா? ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1849-ல் சால்ட் லேக் சிட்டியில் உங்கள் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தியவர். 1852 ஆகஸ்ட் மாநாட்டில் அவரையும் இன்னும் சிலரையும் இந்தியாவுக்குப் போகச் சொன்னார்கள். அதே மாநாட்டில், மறுநாளே, பலதார மணம் எங்கள் கோட்பாடு என்று சபை பகிரங்கமாக அறிவித்தது. ஊழியக்காரர்களை வழியனுப்ப இதைவிடப் பொருத்தமான சீர்வரிசை வேறு என்ன?

கையில் காசு வைத்துக்கொள்ளாமல் ஊழியம் செய்வது அந்தக் கால முறை. பாலன்டைனும் இரண்டு தோழர்களும் கல்கத்தா வழியாக 1853-ல் சென்னைக்கு வந்தார்கள். வீடு கொடுப்பவர்கள் முதலில் மனைவிகளின் எண்ணிக்கையைத்தான் கேட்டிருப்பார்கள். பாலன்டைன் தளரவில்லை, 1854-ல் சென்னையிலேயே சொந்தமாக ஒரு மாதப் பத்திரிகை அச்சடித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு கைப்பிடி. அதே ஆண்டு ஜூலையில் உடம்பு கெட்டுக் கப்பலேறினார். பலதார மணத்தைச் சபை கைவிட்டது 1890-ல். சென்னையில் கேட்ட கேள்விக்குப் பதில் வர அவ்வளவு காலம்.

தமிழ்நாட்டில் இந்தச் சபை பிறகு எப்படி ஒட்டியது என்று பார்த்தால், கோயம்புத்தூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் கணக்கராக இருந்த பால் திருத்துவதாஸ் என்ற தமிழர் 1965-ல் ஞானஸ்நானம் பெற்று, தாமே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்துத்தான். டை கட்டிய பையன் யாரும் முதலில் அவர் கதவைத் தட்டவில்லை. ஒரு பிரசுரம் கிடைத்தது, படித்தார், கடிதம் போட்டார். இந்த எடுத்துக்காட்டு நம் பயிற்சிக்கு உதவாது, கடந்து போவோம்.

8. மார்கழியை எதிரியாகக் கருதுங்கள்.

நீங்கள் எழுவது 6.30-க்கு. ஊர் எழுவது நாலரைக்கு. பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை வரும். வாசலில் கோலம் போடும் பெண்கள் அரை இருட்டில் குனிந்திருப்பார்கள். ஜன்னலைச் சாத்துங்கள். காலையில் வெளியே வரும்போது துணை ஓரமாகத் தாண்டிப் போவார்; நீங்கள் கோலத்தின் நடுவில் ஷூவை வையுங்கள்.

இதிலும் பெரியவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் சம்பா கோவிலின் தலைவராக இருந்தவர். சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு குடும்பத்து மொழிகளாகத் தெரிகின்றனவே என்று 1767-லேயே பாரிஸ் அறிஞர் சபைக்கு எழுதினார். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் இதைப் பேசுவதற்கு 19 ஆண்டுகள் முன்பு. அப்படிப்பட்ட மூளை. அவரே 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்த அன்று, கருவறையைக் காலால் உதைத்தார் என்று துப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, படிப்பு இதற்குத் தடையே இல்லை. உங்கள் கையில் அந்தக் கோவிலை இடிக்கவிட்ட துப்ளேக்ஸ் போல ஒரு கவர்னர் இல்லை என்பதுதான் குறை. கோலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. தெருவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எல்லா வீட்டிலும் ஸ்டார் தொங்கும், எல்லா வாசலிலும் குடில் இருக்கும். ஆகவே இங்கே கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒன்று என்று எழுதிவிடுங்கள். சம்பா கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததும், ஒடுக்கப்பட்டவர்களே போய் முறையிட்ட பிறகு 1745 அக்டோபரில் சாமியார் அதை இடித்ததும் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. அது பழைய கதை என்று தலையை ஆட்டுங்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைப் பற்றி இந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதியதையும் படிக்க வேண்டாம்.

விவிக்கம் கொடுத்த அக்கா வீட்டில், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கேரல் பாட வந்தபோது வாசலோடு காசு கொடுத்து அனுப்பினார்களா, உள்ளே கூப்பிட்டார்களா? நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள், கேக் துண்டைத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டு. கவனித்திருக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் கவனிப்பதில்லை.

10. அம்மாவிடம் பொய் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் மிஷனரி வீட்டோடு போனில் பேசலாம் என்றால் வருடத்தில் இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம் என்று தளர்த்தினார்கள். இதனால் பொய்க்கு இன்னும் நிறைய வாய்ப்பு.

கிறிஸ்துமஸ் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். உங்கள் வீடு இருக்கும் யூட்டாவில் அப்போது 24-ஆம் தேதி இரவு ஏழரை. அவர்கள் வீட்டில் பண்டிகை இன்னும் பிறக்கவில்லை. இங்கே நடுநிசிப் பூசை முடிந்து, வெடி வெடித்து, தெருவே தூங்கி எழுந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும். அம்மா ஐந்தே கேள்விதான் கேட்பார். சாப்பிட்டாயா? மழையா? பயமாக இருக்கிறதா? நண்பர்கள் கிடைத்தார்களா? யானை பார்த்தாயா?

மழை என்றால் தூறல் என்று சொல்லுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் இந்த ஊர்ப் பக்கம்தான் கரையேறியது, தெருவில் படகு விட்டார்கள் என்பதெல்லாம் வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்ததும் வேண்டாம். சுனாமி வந்த டிசம்பர் 26-ஐப் பற்றி வாயே திறக்காதீர்கள். யானை பார்த்தேன் என்று சொல்லுங்கள். மணக்குள விநாயகர் கோவில் லட்சுமி 2022-ல் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்து இறந்ததும், ஊரே கூடி அழுததும் யூட்டாவுக்கு எப்படித் தெரியும்? பயம் இல்லை என்று சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி ஊர் முழுக்கப் பாட்டும் வெடியுமாக இருக்க, விளக்கணைத்து, கொசுவலைக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்ததைச் சொல்லாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் துணையும் விழித்திருந்தார். அவருடைய அம்மா பேருந்து ஏறினால் அடையக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார். அவரும் அன்று வீட்டுக்குப் போக முடியாது. அவரிடமும் பேசவில்லை அல்லவா? நல்லது.

நீங்கள் போனை வைக்கும் நேரத்தில், கத்தாரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் இதே பொய்களைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு யாரும் கையேடு எழுதவில்லை.

11. ஆத்துமாக்களை எண்ணுங்கள், வேறெதையும் எண்ணாதீர்கள்.

வாரக் கடைசியில் கணக்கு அனுப்ப வேண்டும். ஹார்லிக்ஸ் போட்டுக் கொடுத்தவர்கள், வழி காட்டியவர்கள், காய்ச்சலில் கஞ்சி அனுப்பியவர்கள், இவர்களுக்கெல்லாம் பத்தி கிடையாது.

அபே துபுவாவின் கணக்கைப் பாருங்கள். 1792-ல் புதுச்சேரிக்கு வந்த பாரிஸ் மிஷன் சாமியார். நம் ஆட்களைப் போல உடுத்தி, மாமிசம் விட்டு, மைசூர்ப் பக்கம் ஊர் ஊராகத் திரிந்தவர். அங்கே தொட்ட சாமி என்றார்கள். தாம் கிறிஸ்தவராக்கியவர்கள் இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையில் என்று அவரே எழுதினார். அம்மைப்பால் குத்தும் வேலையிலும் பாடுபட்டு 25,000 பேருக்கு மேல் ஊசி போட வைத்தாரே, அது ஆத்துமாக் கணக்கில் வராது. இந்து பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலின் கையெழுத்துப் பிரதியை 1807-ல் ஆங்கிலேயருக்கு 2,000 வராகனுக்கு விற்றார். அதில் பெரும்பகுதி கேர்தூவின் பழைய எழுத்து என்று 1980-களில் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நிரூபித்துவிட்டார். கோலத்தைப் பார்க்கவே வேண்டாம், இன்னொருவர் எழுதிவைத்ததைப் பார்த்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

1823-ல் துபுவா பிரான்சுக்குத் திரும்பினார். இந்துக்களைக் கிறிஸ்தவராக்குவது நடக்காத காரியம் என்று அதே ஆண்டு லண்டனில் புத்தகமே போட்டார். பிறகு என்ன செய்தார்? பாரிஸ் மிஷன் குருமடத்தில் சேர்ந்து, 1836-ல் அதன் தலைவரானார். கிழக்கே அனுப்ப இளைஞர்களைத் தயார் செய்யும் இடம் அது.

நீங்களும் ஊருக்குப் போய் இந்தியாவைப் பற்றிப் பேசத்தான் போகிறீர்கள். அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் வரை குடிலைப் பிரிக்க மாட்டார்கள். அதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள், துணையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். காபி குடிக்க மாட்டேன் என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், தம்பி. அடுப்பில் பால் ஏறுவதற்கு முன்னால்.